சுருதிக்குள் கடுகு பொரியும் சத்தம்

நான் திருச்சியில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்து வருகிறேன். மாணவர்கள் வருவதற்கு முன், காலை ஐந்தரை மணிக்கு, என் சொந்தச் சாதகம். அதற்கான சுருதி, நல்ல தம்பூரா ஒன்றிலிருந்து பதிவுசெய்த ஒரு மணி நேரக் கோப்பாக என் மடிக்கணினியில் இருக்கிறது; சுருதியின் உயரம் ஐந்து கட்டை. சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், கார்வை கொடுத்து ஒரே சுரத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தபோது, சூடான வாணலியில் ஒற்றைக் கடுகு பொரிவதைப் போல ஒரு சத்தம் அந்தச் சுருதிக்குள்ளிருந்து கேட்டது. பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு மூன்று சேர்ந்தாற்போல். பிறகு ஒரு நிமிடம் முழு அமைதி. தாளத்துக்குள் அடங்காத, எப்போது வரும் என்று சொல்லமுடியாத அந்தச் சத்தம், அடுத்த ஐந்து வாரங்களுக்கு என் சாதகத்தை ஆட்டிப்படைத்தது. அதன் காரணத்தைக் கண்டுபிடித்த வழியை விரிவாக எழுதிவைக்கிறேன். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு அந்த ஐந்து வாரம் மிச்சமாகட்டும்.

முதலில் நான் சந்தேகித்தது பதிவைத்தான். தம்பூராவுக்கென்றே ஒரு ரீங்காரம் உண்டு. குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகப்படும் ஜீவா நூல் மயிரிழை நகர்ந்தாலும் அந்த ரீங்காரம் மாறிவிடும்; சில இடங்களில் அது லேசான கரகரப்பாகக்கூடக் காதில் விழும். ஆகவே கோப்பைக் கைபேசிக்கு மாற்றி, ஹெட்போனில் ஒரு மணி நேரமும் உட்கார்ந்து கேட்டேன். ஓர் இடத்திலும் குறை இல்லை. பிறகு மடிக்கணினியில் அதே கோப்பை இரண்டு முறை ஓடவிட்டு, சத்தம் கேட்ட நிமிடத்தையும் நொடியையும் தாளில் குறித்தேன். முதல் முறை குறித்த இடங்களில் ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. பழுது பதிவில் இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே நொடியில் கேட்க வேண்டும். இடம் மாறிக்கொண்டே இருந்ததால், குற்றம் கோப்பில் இல்லை, அதை ஒலிக்கச் செய்யும் கருவியில்தான் என்பது உறுதியாயிற்று.

தம்பூரா மட்டும் இதை எனக்குக் காட்டிக்கொடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. மிருதங்கமும் தவிலும் ஒலிக்கும் பதிவில் இப்படிப்பட்ட சத்தம் ஒரு சாப்புக்குள்ளோ தட்டுக்குள்ளோ ஒளிந்துகொள்ளும். கேட்பவர் அதை வாத்தியத்தின் ஓசையாகவே எடுத்துக்கொள்வார். இடையறாமல் ஒரே சீராக ஓடும் ஒலியில் மட்டுமே ஒரு சின்ன முறிவும் துணியில் விட்ட கீறலைப் போலத் தனித்துத் தெரியும். ஆகையால், மடிக்கணினியில் கரகரப்பு இருக்கிறதா என்று சோதிக்க விரும்புபவர்கள் சினிமாப் பாட்டை வைத்துச் சோதிக்க வேண்டாம். சுருதிப் பெட்டியின் ஒலியையோ தம்பூராவையோ வைத்துக் கேளுங்கள். அது இல்லையென்றால், விலையின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் 440 ஹெர்ட்ஸ் அளவில் ஒற்றைத் தொனி ஒன்றை உருவாக்கிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

இதற்கிடையில் கோயம்புத்தூரிலிருந்து இணையவழியில் பாட்டு கற்கும் மாணவி ஒருத்தி, “டீச்சர், தம்பூரா நடுவுல டிக் டிக்னு கேக்குது” என்றாள். அவள் வீட்டு இணையம் மந்தமாக இருக்கும் என்று அதுவரை நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மாலையே மடிக்கணினியைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடையில் இருந்த இளைஞர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “ஸ்பீக்கர் போயிருச்சு மேடம், செட்டா மாத்திடலாம்” என்றார். ஹெட்போனைச் செருகிக் கேட்கச் சொன்னேன். அதிலும் கடுகு பொரிந்தது. “அப்ப போர்டு பிரச்சினை மேடம்” என்றார். ஸ்பீக்கரில் இருந்து, மடிக்கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான போர்டுக்கு அவர் அரை நிமிடத்தில் தாவியது எனக்கு ஏற்புடையதாக இல்லை. யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு மடிக்கணினியோடு வீடு திரும்பினேன்.

அதன்பிறகு படித்தும் பரிசோதித்தும் நான் தெரிந்துகொண்டவற்றுள் முதன்மையானது இது: கரகரப்பு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஒரே நோய் அல்ல. ஒலியின் அளவை முழுமையிலிருந்து கால்பங்குக்குக் குறைத்துக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். குறைத்தவுடன் கரகரப்பு அறவே நின்று, பெரிய சத்தத்தில், அதுவும் கீழ் ஸ்வரங்களில் மட்டும் வருமானால் குறை ஸ்பீக்கரில்தான்: சவ்வு கிழிந்திருக்கலாம், வலைக்குள் தூசியோ இரும்புத் துகளோ நுழைந்திருக்கலாம், உள்ளே ஏதேனும் தளர்ந்து அதிரலாம். இரண்டாவது வகையில், பாட்டு குறையும், இரைச்சல் மட்டும் அதே அளவில் நிற்கும். அது பெரும்பாலும் ஒலி மின்னோட்டமாக மாறிய பிறகு வெளியிலிருந்து கலக்கும் இரைச்சல். சார்ஜரையும், ஹெட்போன் செருகும் ஜாக்கையும், ஒயரையும் பார்க்க வேண்டும். மூன்றாவதில், பாட்டு எவ்வளவு குறைகிறதோ அதே விகிதத்தில் கரகரப்பும் குறைகிறது. அப்படியானால் அது பாட்டோடு ஒன்றாகவே பயணம் செய்து வருகிறது என்று பொருள். எண்களாக இருக்கும் நிலையிலேயே ஒலி எங்கோ முறிந்திருக்கிறது. என்னுடையது இந்த மூன்றாவது வகை.

மற்ற இரண்டையும் பற்றி ஓரிரு சொற்கள் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவற்றில் உடலுக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியவை இருக்கின்றன. ஸ்பீக்கர் அதிர்வதோடு மடிக்கணினியின் அடிப்பாகம் சற்றே உப்பியிருந்தாலோ, டச்பேடு மேலெழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ, பேட்டரி வீங்கியிருக்கக்கூடும்; உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிவிட வேண்டும். ஸ்பீக்கர் வலைக்குள் ஊசியை விட்டுக் கிளறக் கூடாது. சார்ஜரைச் செருகும்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்து, கழற்றியவுடன் நின்றால், அது எர்த் தொடர்பான சிக்கலாக இருக்கலாம். நம் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளைப் பிளக் இருக்கும், ஆனால் அதன் பெரிய துளைக்குப் பின்னால் எர்த் ஒயர் சேர்க்கப்பட்டிருக்காது. மடிக்கணினியின் உலோகப் பகுதியைத் தொடும்போது விரலில் சுரீரென்று ஒரு குறுகுறுப்பு தெரிந்தால் அதுவே அறிகுறி; எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். இரைச்சலை நிறுத்துவதற்காகச் சார்ஜரின் எர்த் முள்ளை உடைத்துவிடுவது உயிரோடு விளையாடுவது. கச்சேரி மேடையில் மடிக்கணினியைப் பெரிய ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும்போது வரும் இதே போன்ற இரைச்சலுக்கு, ஒலி ஒயரின் இடையில் ஒரு சிறிய ஐசொலேட்டர் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் போதும்.

இனி என் வகைக்கு வருகிறேன். எண்களை ஒலியாக மாற்றும் ஒலிச் சில்லையும் (சிப்) ஜாக்கையும் விலக்கிப் பார்ப்பதற்காக, யுஎஸ்பி துளையில் செருகும் மலிவான ஒலி அடாப்டர் ஒன்றை வாங்கினேன். அதற்குள் தனியாகவே ஒரு ஒலிச் சில்லு இருப்பதால், போர்டில் உள்ள சில்லுவுக்கு இங்கே வேலையில்லை. அதிலும் கடுகு பொரிந்தது. ஆக, ஸ்பீக்கர் இல்லை, ஜாக் இல்லை, போர்டின் ஒலிச் சில்லும் இல்லை. அவற்றுக்கெல்லாம் முந்திய கட்டத்தில், கணினியின் மூளைக்கு அருகில், ஏதோ நடக்கிறது.

ஒலி கணினிக்குள் எப்படிப் போகிறது என்பதை அறிந்துகொண்டபோதுதான் எனக்குக் கண் திறந்தது. குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நொடி இசை என்பது இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 எண்கள்; காணொளிகளில் வழக்கமாக 48,000. கணினியின் மூளையான பிராசஸர் இந்த எண்களைச் சிறுசிறு கட்டுகளாக எடுத்து, பஃபர் எனப்படும் ஒரு தொட்டியில் போட்டுக்கொண்டே இருக்கும். ஒலிச் சில்லு அந்தத் தொட்டியிலிருந்து எடுத்து ஒலியாக மாற்றிக்கொண்டே இருக்கும். கிணற்றிலிருந்து ஒருவர் குடம் குடமாகக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்ற, தொட்டியின் குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குடம் கொண்டுவருபவர் வழியில் யாரோடாவது நின்று பேசிவிட்டால், தொட்டி வற்றி, குழாய் காற்றைத் துப்பும். அந்தத் துப்பல்தான் எனக்குக் கேட்ட கடுகு. விண்டோஸில் வழக்கமாக ஒரு குடத்தின் அளவு 10 மில்லிநொடி. 48,000 என்ற கணக்கில் அது 480 எண்கள். ஐந்து கட்டை ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ் என்பதால், அதன் ஓர் அலை முடிய ஐந்து மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். ஒரு குடம் தவறினால், தம்பூராவில் ஷட்ஜம் ஒலிக்கும் சாரணித் தந்தியின் நாதத்தில் ஏறக்குறைய இரண்டு அலைகள் காணாமற்போகும். காலம் என்று பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அலை பாதியில் அறுபட்டு வேறோர் உயரத்தில் தொடங்கும் அந்தக் கணத்தில் எல்லா அதிர்வெண்களும் கலந்த ஒரு சொடுக்கு உண்டாகிறது. காது தவறவிடாதது அதைத்தான்.

அப்படியானால் குடம் சுமப்பவரை வழிமறிப்பவர் யார்? வைஃபை அட்டை, டச்பேடு, பேட்டரி, திரை அட்டை என்று ஒவ்வொரு கருவியும் தனக்கு வேலை வரும்போது ‘இன்டரப்ட்’ என்ற அழைப்பை அனுப்பிப் பிராசஸரைக் கூப்பிடும். பிராசஸர் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடும். அவசரமான பகுதியை உடனே முடித்துவிட்டு, மீதியை ‘டிபிசி’ என்ற வரிசையில் வைத்துச் சற்றுப் பின்னால் முடிக்கும். அந்த வேலை நடக்கும்வரை, பிராசஸரின் அதே கோரில் (பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று) பாட்டை ஓட்டும் செயலி காத்திருந்தாக வேண்டும். ஒவ்வொரு கருவியையும் இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் அறிவுரை, ஒரு டிபிசி 100 மைக்ரோநொடிக்கு மேல் போகக் கூடாது என்பது. அதாவது ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எல்லா டிரைவர்களும் இந்த ஒழுக்கத்தைக் காப்பதில்லை.

இதை அளந்து காட்ட லேட்டன்சிமான் என்ற சிறிய மென்பொருள் இருக்கிறது. அதை இறக்கி, ஓடவிட்டு, பக்கத்தில் தம்பூராவையும் ஓடவிட்டேன். முதல் நான்கு நிமிடம் பச்சை எழுத்துகளே இருந்தன. ஐந்தாம் நிமிடத்தில் ஒரு கடுகு பொரிந்தது; அதே கணத்தில் திரையில் ஒரு பட்டை எகிறி, எழுத்து சிவப்பாயிற்று. காதும் கண்ணும் ஒரே செய்தியைச் சொன்ன அந்தக் கணத்தில் எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. எகிறிய அளவு 11 மில்லிநொடிக்கு மேல். இருக்கவேண்டியதைப்போல் நூறு மடங்குக்கும் அதிகம். டிரைவர்கள் பட்டியலை, எடுத்துக்கொண்ட நேரத்தின் வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, முதலில் நின்றது என்டிஐஎஸ் என்ற கோப்பு. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும்: அது விண்டோஸில் எல்லா வலையமைப்புக் கருவிகளும் நுழையும் பொது வாசல். வாசலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதன் வழியே வந்தவர் யார் என்று பார்க்க வேண்டும். அடுத்த வரியிலேயே என் வைஃபை அட்டையின் டிரைவர் இருந்தது.

உறுதிசெய்ய வைஃபையை அணைத்தேன். நாற்பது நிமிடம் தம்பூரா ஓடியது. ஒரு கடுகு இல்லை. மறுபடி போட்டேன், ஏழாவது நிமிடத்தில் வந்தது. இதை மூன்று நாள் திருப்பித் திருப்பிச் செய்தேன். கூடத்தில் ரௌட்டருக்கு அருகில் வைத்தால் சத்தம் அரிதாகவும், நான் சாதகம் செய்யும் பின்னறையில் வைத்தால் அடிக்கடியும் வந்தது. சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் வைஃபை அட்டை மேலும் நல்ல இணைப்பைத் தேடி அலைந்துகொண்டே இருக்கும் என்பதால், எனக்கு இது பொருத்தமாகவே பட்டது.

தீர்வு, தேடலைவிட எளிது. விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையைத் திறந்து, டிரைவர் என்ற பகுதியில் அதன் தேதியைப் பார்த்தேன். ஆடி மாதத் தொடக்கத்தில் தானாக வந்த அப்டேட் ஒன்று அதை மாற்றியிருந்தது. ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பொத்தானை அழுத்திப் பழைய டிரைவருக்கே திரும்பினேன், கணினியை அணைத்துப் போட்டேன், முடிந்தது. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்து அழுத்தமுடியாதவர்கள், ‘அப்டேட் டிரைவர்’ வழியாகப் போய், கணினியில் ஏற்கெனவே உள்ள டிரைவர்களின் பட்டியலைக் காட்டச் சொல்லி, பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தங்கள் மாடலின் எண்ணைக் கொடுத்து, அங்குள்ளதை இறக்கலாம். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை அண்டவே வேண்டாம். இருக்கும் ஒரு சிக்கலை அவை ஐந்தாக்கும்.

எல்லோருக்கும் வைஃபைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பேட்டரியின் நிலையை அடிக்கடி விசாரிக்கும் பகுதி சில மடிக்கணினிகளில் இதே வேலையைச் செய்கிறது. அங்கே, கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் உதவக்கூடும். மின்சிக்கனத்துக்காகப் பிராசஸரின் வேகம் ஏறி இறங்குவதும் காரணமாகலாம். பவர் ஆப்ஷன்ஸில் முழுத்திறன் நிலைக்கு மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒலி அமைப்பில் இருக்கும் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை நான் எந்தக் கணினியிலும் அணைத்துவிடுவேன். இசைக்கு அது செய்யும் உபகாரம் ஒன்றுமில்லை, சில நேரம் உபத்திரவமே செய்கிறது. லினக்ஸ் வைத்திருக்கும் என் அண்ணன் மகனின் கணினியில், பாட்டு தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் ‘பட்’ என்று ஒரு சத்தம் வந்தது. அங்கே ஒலிச் சில்லு சும்மா இருக்கும் நேரத்தில் உறங்கப்போய், வேலை வந்ததும் திடுக்கிட்டு எழுந்துகொண்டிருந்தது. அந்த மின்சிக்கன அமைப்பைச் சுழியமாக்கியதும் நின்றது.

ப்ளூடூத் ஹெட்போனில் கரகரப்பு வருவது தனிக் கதை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் ப்ளூடூத்தும் ஒரே இடத்தில் இயங்குவதால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ரௌட்டர் இடம்கொடுத்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது நல்லது. அதே ஹெட்போனின் மைக்கை வகுப்பில் பயன்படுத்தினால், பல கணினிகளில் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். அதைக் கரகரப்பென்று தவறாக எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. இசை ஆசிரியர்களுக்கு இன்னொன்று: காணொளி வகுப்புச் செயலிகளின் இரைச்சல் நீக்கி, இடையறாத தம்பூராவை மின்விசிறியின் ஓசையாக நினைத்து வெட்டி வெட்டி எறியும். ஜூம் செயலியில் இசைக்கலைஞர்களுக்கென்று அசல் ஒலியை அனுப்பும் தேர்வு இருக்கிறது. அதைப் போடாமல் சுருதி சொல்லிக்கொடுக்க முயல்வது வீண்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் மறுபடியும் கடுகு பொரிந்தது. பதறவில்லை, டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன், அப்டேட் மறுபடி புதிய டிரைவரை ஏற்றியிருந்தது. இரண்டு நிமிடத்தில் பழையதற்கு மாற்றினேன். அந்த டிரைவர் கோப்பை இப்போது பென்டிரைவில் தனியாக வைத்திருக்கிறேன். வகுப்புகளுக்கு மட்டும் வைஃபையை அணைத்துவிட்டு, ரௌட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்து இணைத்துக்கொள்கிறேன்.

கடுகுச் சத்தம் நின்ற பிறகுதான், அதற்குக் கீழே இன்னொன்று மறைந்திருந்ததைக் கவனித்தேன். ஒலியை முழுவதுமாக வைத்தால், பஞ்சமத் தந்தி மீட்டப்படும் ஒவ்வொரு முறையும், இடப் பக்க ஸ்பீக்கரிலிருந்து மட்டும் தகரம் அதிர்வதுபோல் மெல்லிய ஓர் ஓசை வந்தது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். ஒலியைக் குறைத்தால் இல்லை. இது முதல் வகை. அதே கடைக்கு மறுபடி போனேன். அந்த இளைஞர் அடிமூடியைக் கழற்றினார். ஸ்பீக்கர் நன்றாகவே இருந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு திருகுகளில் ஒன்று தளர்ந்து, அரைச் சுற்று வெளியே வந்திருந்தது. முறுக்கிவிட்டு, மூடியைப் போடுவதற்கு முன் தம்பூராவை ஓடவிட்டு, இரண்டு பேரும் குனிந்து பஞ்சமத்துக்காகக் காத்திருந்தோம். சுத்தமாக வந்தது. அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். “அந்த ஃபைலை எனக்கும் குடுங்க மேடம், ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ண வச்சுக்கறேன்” என்றார். அவருடைய கடைக் கணினியிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.